சேமவச்சும் ஸ்டெப்னியும்: லாரி ஓட்டுநர்தம் தொழிற்பெருமையும் எதிர்கால அச்சமும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 102-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. அப்பாட்டில் வருவது உப்பு வண்டி. பூட்டப்பெற்ற எருதுகள் இளையவை. நுகத்தின் இயல்பை இன்னும் அறியாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ, எவர் அறிவார்? ஆகவே உமணர், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு செல்கின்றனர். தலைவனே, நீ அவ்வச்சினைப் போன்றவன் என்கிறார் புலவர். அரசன் மகனைப் புகழ வந்த பெரும்புலவர், ஞாயிற்றையும் மலையையும் விடுத்து, வண்டியோட்டிகள் அடிமரத்தில் கட்டிவைத்த உதிரி அச்சினைத் தேடியெடுத்து உவமையாக்கினார் என்பது எண்ணத்தக்கது. வழியில் நேரக்கூடியதை முன்னரே எண்ணிப் பார்க்கும் தொழிலாளியின் அறிவை அவர் அத்துணை உயர்வாக மதித்தார் போலும்.

அவ்வச்சுக்குப் புலவர் வழங்கிய பெயர் சேமவச்சு என்பது. இன்று நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரியின் அடியில் சங்கிலியாற் பிணித்துத் தொங்கவிடப்பெற்றுள்ள உதிரிச் சக்கரத்தைக் காட்டி அதன் பெயர் யாதென வினவினால், ‘ஸ்டெப்னி’ என்ற விடையே கிடைக்கும். இச்சொல் ஓர் ஊர்த் தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னித் தெரு என ஒன்றுண்டு. அவ்வூரில் 1904-இல் மோட்டார் வண்டிக்கு உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அத்தெருவின் பெயரையே தன் சக்கரத்துக்கும் சூட்டியது. இங்கிலாந்தில் அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. நம் நாட்டு ஓட்டுநர் நாவிலோ அது நிலைபெற்றுவிட்டது. பொருள் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. பெயர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வந்தது. சொல் மாறினும் கருத்து மாறவில்லை.

இக்கட்டுரை லாரி ஓட்டுநர் தம் தொழிலைக் குறித்துக் கொண்டுள்ள பெருமை எதனின்று பிறக்கிறது என்பதையும், அத்தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள அச்சம் எதனை நோக்கியது என்பதையும், பெரும்பாலும் அவர்தம் சொற்களைக் கொண்டே ஆராய முற்படுகிறது. இத்தகைய ஆராய்ச்சி தமிழ்த்துறைக்கு உரியதோ என ஐயுறுவார் இருக்கலாம். வழக்கையும் செய்யுளையும் ஒருங்கு நோக்கியே தொல்காப்பியம் செய்யப்பட்டது என அந்நூற் பாயிரம் கூறுதலை அவர்கள் நினைவு கூர்வாராக.

முதற்கண் தொழிற்பெயரைக் காண்போம். சரக்குந்து, சுமையுந்து என நல்ல ஆக்கங்கள் பல ஏடுகளில் வழங்குகின்றன. ஓட்டுநர்கள் அவற்றை ஆள்வதில்லை. அவர்கள் பிறரிடம் பேசும்போது லாரி என்பர். தமக்குள் பேசும்போது ‘வண்டி’ என்பர். எருது பூட்டிய காலத்துச் சொல் எந்திரம் பூட்டிய காலத்திலும் அப்படியே தொடர்கிறது. ஓர் ஊருக்குப் பாரம் கொண்டு சென்று மீள்வதை ‘நடை’ என்பர். மாதத்தில் எத்தனை நடை என்பதே அவர்தம் கணக்கு. சக்கரம் சுழல்கிறது, ஆள் அமர்ந்திருக்கிறான். ஆயினும் சொல் மட்டும் கால்நடையாகவே வருகிறது. பாரத்தின் மேல் விரிப்பது தார்ப்பாய். ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியைத் தார் எனவும், பிற்பகுதியை நாம் உறங்கும் பாய் எனவும் கொண்டு மக்கள் நாவே செய்துகொண்ட ஆக்கம் இது. குழு அமைத்து ஆக்கிய கலைச்சொற்களுள் இத்துணை இயல்பாகப் பொருந்தியவை மிகச் சிலவே. நடைக்கு நடை தரப்படும் கைச்செலவு பேட்டா எனப்படும். இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலேயர் ஆட்சி வழக்கிற்குச் சென்று, மீண்டும் நம்மிடம் வந்த சொல் இது. அரசு ஊழியர் ‘படி’ என்பதும் ஓட்டுநர் ‘பேட்டா’ என்பதும் ஒருபொருளனவே.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குத் தலையிடம் கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் என்னும் ஊர்களைச் சுற்றிய நிலம் வானம் பார்த்த நிலம். உழவு ஒன்றையே நம்பி வாழ இடந்தராத நிலம். அந்நிலத்து மக்கள் சக்கரத்தை நம்பத் தொடங்கினர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. சமையல் எரிவாயுவைச் சுமந்து செல்லும் பெருங்கலன் வண்டிகளின் உரிமையாளர்க்கும் நாமக்கல்லே தலைமையிடம். தொழிற்சாலையிலிருந்து வரும் லாரி, எந்திரமும் சட்டமும் மட்டுமாக வரும். அதற்கு மரத்தாலும் இரும்பாலும் கூடு அமைத்து, வண்ணம் பூசி, உரிமையாளர்தம் மக்கள் பெயரை நெற்றியில் எழுதி, முகப்பில் தெய்வப் படம் பொருத்தி அனுப்புவது பட்டறைத் தச்சரின் பணி. ஆயுத பூசையன்று வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசி நிறுத்திய வண்டியின்முன் ஓட்டுநர் நிற்கும் நிலையைக் கண்டவர்க்கு, அவர் அதனைக் கருவி என எண்ணவில்லை என்பது விளங்கும்.

இனி, அப்பெருமை எதனின்று பிறக்கிறது? விரைவாக ஓட்டுவதைப் பெருமையாகக் கொள்பவர் இளையர் சிலரே. முதிய ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் முதலில் கூறுவது பாரம் கட்டும் திறத்தையே. பாரம் ஏற்றுதல் சுமைத் தொழிலாளர் பணி; அதனைக் கட்டுதல் ஓட்டுநர் பொறுப்பு. சேலத்து ஜவ்வரிசி வடநாடு செல்கிறது; திரும்பும்போது அதே வண்டியில் நாசிக்கு வட்டாரத்து வெங்காயம் வருகிறது. ஜவ்வரிசி மூட்டையில் மழைநீர் புகுந்தால் பண்டம் முழுவதும் பாழ். வெங்காயத்தை முற்றும் மூடினாலோ புழுங்கி அழுகிவிடும். காற்றுப் போக இடம் விட்டே மூடுதல் வேண்டும். சிமெண்டு மூட்டைக்கு ஒரு கட்டு, இரும்புச் சுருளுக்கு ஒரு கட்டு, முட்டை அடுக்குக்கு ஒரு கட்டு. இரும்புச் சுருள் சரியாகப் பிணிக்கப்படாவிடின், விசையடக்கி மிதிக்கும்போது முன்னே உருண்டு ஓட்டுநர் இருக்கையையே நசுக்கிவிடும். எந்தப் பாரம் எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கயிறு கட்டும்போதே கணித்துவிடும் அறிவு எழுத்தில் இல்லை. கைமுடிச்சிலேயே உள்ளது.

தன் நாட்டில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் பிறநாட்டில் விளைந்ததைக் கொண்டுவரும் இவ்வாழ்க்கை நற்றிணை 183-ஆம் பாட்டைப் பயின்றோர்க்குப் புதிதன்று. அங்கே உமணர் தம் நாட்டு வெண்ணெல்லைக் கொடுத்து, நெய்தல் நிலத்து உப்பைப் பெற்று, நெடுவழியில் நிரை நிரையாக வண்டிகளைச் செலுத்துகின்றனர். போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம் என்பதே அன்றும் இன்றும் இத்தொழிலின் பொருளியல். வரும்போது பாரம் கிடையாத வண்டி இழப்பில் ஓடும். ‘ரிட்டன் லோடு’ கிடைக்கும் வரை அயலூரில் மூன்று நாள், நான்கு நாள் வண்டியடியிலே சமைத்து உண்டு காத்துக் கிடப்பது ஓட்டுநர் வாழ்க்கையின் பெரும்பகுதி. உமணர் தங்கிச் சென்ற இடத்தின் வெறுமையைக் குறுந்தொகை 124-ஆம் பாட்டு பாழூரின் வெறுமைக்கு ஒப்பிடும். வண்டிகள் புறப்பட்டுச் சென்றபின் லாரிப்பேட்டையில் எஞ்சி நிற்கும் மூன்று கல் அடுப்புகளையும் எண்ணெய்க் கறையையும் கண்டவர்க்கு அவ்வொப்புமைக்கு வேறு உரை வேண்டா.

இரண்டாவது, செவியறிவு. பழைய வண்டிகளின் பற்சக்கரப் பெட்டியில் கியர் மாற்றுதல் எளிதன்று. கிளட்சை ஒருமுறை மிதித்து விடுத்து, எந்திரத்தின் சுழற்சியைச் செவியால் அளந்து, மறுமுறை மிதித்துத்தான் மாற்றுதல் கூடும். ‘டபுள் கிளட்ச்’ என இதனைக் குறிப்பர். சற்றே தவறினும் பற்கள் அரைபடும் ஒலி எழும். அவ்வொலி ஓட்டுநர்க்கு இழுக்கு. மேடு ஏறும்போது எந்திரத்தின் ஒலி மாறுவதைக் கொண்டே எண்ணெய் அடைப்பா, காற்றுக் குறைவா, பாரத்தின் மிகுதியா எனக் கூறுவோர் உளர். காட்டு வழியில் பட்டை முறிந்தால் மரக்கட்டையை அடைகொடுத்து அடுத்த ஊர்வரை ஓட்டிவருவர். இவை யாவும் தொழிலின் இலக்கணம் எனத்தகும்.

மூன்றாவது, வழியறிவு. சத்தியமங்கலத்திற்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே திம்பம் மலைவழியில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே வளைவுக்கு முன்னரே தாழ்ந்த கியருக்கு மாறாதவன் வளைவில் மாற இயலாது. சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட தொப்பூர்க் கணவாய், நேர்த்தியான அகன்ற சாலையாயிருந்தும் விபத்துக்குப் பெயர் பெற்றது. காரணம், இறக்கத்தில் டீசலைச் சேமிக்கும்பொருட்டு வண்டியைக் கியரினின்று விடுவித்து உருளவிடுதல். எந்திரத்தின் பிடி அற்றுப்போக, விசையடக்கியே முழுப்பாரத்தையும் தாங்கிச் சூடேறி, இறுதியில் பிடிக்காமற் போகும். இதனை ஓட்டுநர் அறியாமையால் செய்வதாகக் கூறிவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. நடைக்கு இவ்வளவு டீசல் என உரிமையாளர் அளந்து தரும் கணக்கு, நல்ல ஓட்டுநரையும் தன் அறிவுக்கு மாறாக நடக்கத் தூண்டுகிறது. தொழிலறிவும் கூலிக்கணக்கும் முரணும் இடத்தில்தான் பெருமை முதலில் தேய்கிறது என்பது என் கருத்து.

அளவுக்கு மீறி ஏற்றினால் மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருக்குறள் 475-ஆம் குறளிற் காண்கிறோம். வலியறிதல் அதிகாரத்தில் வேந்தனுக்குக் கூறிய அவ்வுரை லாரிப்பேட்டையில் நேர்ப்பொருளிலேயே விளங்கும். மிகைப்பாரம் ஏற்றுமாறு பணிப்பவர் வேறு, வழியில் தண்டம் கட்டி நிற்பவர் வேறு. 2018 சூலையில் ஒன்றிய அரசு அச்சுச் சுமையின் வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. மிகைப்பாரத்தைத் தடுக்க இயலாதவிடத்து வரம்பையே உயர்த்துதல் ஒருவகைத் தீர்வாகலாம். ஆயின் அதே அளவு சரக்குக்கு முன்னைவிடக் குறைந்த வண்டிகளே போதும் என்பதும், ஆகவே வாடகை தாழ்ந்தது என்பதும் சிறு உரிமையாளரின் குறை.

இவ்விடத்தே தொழிலின் ஏணி ஒன்றைப் பற்றிக் கூறுதல் இன்றியமையாதது. லாரித் தொழிலில் எவரும் ஓட்டுநராகப் புகுவதில்லை, கிளீனராகவே புகுவர். சொல்லின்படி கிளீனர் என்பான் வண்டி துடைப்பவன். அவன் செய்ததோ அதனினும் பன்மடங்கு. கண்ணாடியைத் துடைத்தான், சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக் காற்றின் அளவை ஒலியால் அறிந்தான், பின்னோக்கி வண்டி வரும்போது கீழே நின்று குரல் கொடுத்தான், மேட்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான், சோறாக்கினான், எல்லாவற்றினும் மேலாக, நள்ளிரவில் ஓட்டுநர் கண்ணயராதவாறு பேசிக்கொண்டே வந்தான். சில ஆண்டுகளில், ஆளரவமற்ற நேர்வழியில், சுழல்சக்கரம் அவன் கைக்கு வரும். அதுவே அவனுக்குக் கல்வி. ஓட்டுநரானபின் வாடகையில் ஒரு பங்கு பெற்றான். சேர்த்துவைத்து மற்றொருவரோடு கூட்டாக ஒரு பழைய வண்டி வாங்கினான். பின்னர் தனி உரிமையாளன் ஆனான். கொங்கு நாட்டு லாரி உரிமையாளருள் பலர் இவ்வேணியில் ஏறியவரே. ஓட்டுநரின் நிமிர்ந்த பார்வைக்கு இவ்வேணியும் ஒரு காரணம். இன்று கூலிக்கு ஓட்டினும் நாளை தன் வண்டி என்னும் எண்ணம் அவனைத் தாழ்வு கருதாமற் காத்தது.

ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ என்னும் புதினத்தில் வரும் துரைக்கண்ணு லாரி ஓட்டுநனே. முரட்டுப் பேச்சும் உள்ளன்பும் நிமிர்ந்த நடையும் உடையவனாக அவனை ஆசிரியர் படைத்தார். தமிழ்ப் புனைகதையில் இத்தொழிலாளர்க்குக் கிடைத்த இடம் அவர்தம் எண்ணிக்கையை நோக்க மிகச் சிறிது. உழவனுக்கும் நெசவாளனுக்கும் மீனவனுக்கும் கதைகள் பெருகின. எப்போதும் வழியிலேயே இருப்பவன் எவ்வூர்க் கதையிலும் தங்கவில்லை போலும்.

அவ்வேணியின் முதற்படி இன்று இல்லை. ஓட்டுநர்தம் அச்சத்தின் உட்கரு இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. வாடகை வளரவில்லை, டீசலும் சுங்கமும் காப்பீடும் வளர்ந்தன. செலவைக் குறைக்க முற்பட்ட உரிமையாளர் முதலில் நிறுத்தியது கிளீனரையே. ஆற்றலுள்ள விளக்கும் சக்கரத் திருப்பத்தை எளிதாக்கும் கருவியும் வந்துவிட்டமையின் இரண்டாம் ஆள் வேண்டா எனக் கருதினர். மற்றொரு காரணம் மகிழ்ச்சிக்குரியது. பதினான்கு, பதினைந்து அகவையில் வண்டியேறிய சிறுவர் இன்று பள்ளியில் இருக்கின்றனர். அதனை எவரும் குறையாகக் கூறார். ஆயின் விளைவு ஒன்றே. பெரும்பாலான நெடுவழி வண்டிகளில் ஓட்டுநர் தனித்துச் செல்கிறார். பாரம் கட்டும் முடிச்சையும், எந்திரத்தின் ஒலியையும், தொப்பூர் இறக்கத்தையும் அருகிருந்து கற்பார் இல்லை. உமணரின் சேமவச்சு உடைந்த அச்சுக்கு மாற்றாக உடன் சென்றது. இத்தொழிலுக்குக் கிளீனரே சேமவச்சாக உடன் சென்றான். இன்று வண்டியில் ஸ்டெப்னி உண்டு. ஓட்டுநர்க்கு அது இல்லை.

2025 மார்ச்சு இறுதியில் தென்மாநிலங்களின் எரிவாயுக் கலன் வண்டிகள் சில நாள் ஓடாமல் நின்றன. எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை உரிமையாளர் எதிர்த்தனர். அவ்விதிகளுள் ஒன்று, இரண்டாம் ஆள் இன்றி ஓடும் வண்டிக்குத் தண்டம் என்பது. நிறுவனம் பாதுகாப்பைக் கருதி விதித்தது. உரிமையாளர் ஆளில்லாமையைக் காட்டி மறுத்தனர். இருபுறத்தும் நியாயம் உண்டு. இரண்டாம் ஆள் வேண்டும் என்பதை விதியாக எழுதவேண்டிய நிலை வந்ததே ஈண்டு நாம் கருதத்தக்கது.

தனிமை பற்றி மேலும் ஒன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டியில் குடும்பமே செல்கிறது. மகவை உடைய பெண்ணொருத்தி அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். காடிக் கலம் தொங்குகிறது. கோழிக்கும் வண்டியில் கூடு உண்டு. ஆடவர் மாலை சூடி அருகே நடந்து வருகின்றனர். அவ்வாழ்க்கையில் பிரிவு இல்லை. வீடே வழிச்செல்கிறது. லாரி ஓட்டுநர் வாழ்க்கையோ பொருள்வயிற் பிரிவே வாழ்க்கையாக அமைந்தது. பாலைத் திணையில் தலைவன் ஒருமுறை பிரிவான், மீள்வான். இவர் திங்கள்தோறும் பிரிவர். பிள்ளை பிறந்த நாளில் தந்தை நாகபுரியிலோ குவாலியரிலோ இருப்பார். நெடுவழி ஓட்டுநர்க்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கம் ஊர்களில் வளர்ந்திருப்பதை அவர்களே வருத்தத்துடன் கூறுவர்.

என் மாணவருள் ஓட்டுநர் மக்கள் சிலர் உளர். தந்தையின் தொழிலை வினவினால் தலை நிமிர்ந்தே விடை கூறுவர். எந்த வண்டி, எத்தனை சக்கரம் என்பதும் அவ்விடையில் அடங்கும். நீயும் அத்தொழிலுக்குச் செல்வாயோ என வினவினால் சிரிப்பே விடை. தந்தையே வேண்டாவென்றார் என்பர். பெருமையும் மறுப்பும் ஒரே வாயில் இங்ஙனம் ஒருங்கிருத்தலைப் பிற தொழில்களில் இத்துணைத் தெளிவாக நான் கண்டதில்லை. தன் தொழிலை இழிவாக எண்ணும் தந்தை மகனை விலக்குதல் இயல்பு. இவரோ உயர்வாக எண்ணியே விலக்குகிறார்.

அவ்வாறு விலக்குதற்குச் சட்டமும் ஒரு காரணமாகியுள்ளது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டபோது நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது பொதுவிதியாயிற்று. ஆயின் அச்சட்டம் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ பணியாற்றும் நிறுவனங்களுக்கே உரியதாக அமைந்தது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் எண்ணற்ற உரிமையாளரின் ஓட்டுநர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். காக்க வேண்டிய சட்டம் எட்டாமல் நிற்க, தண்டிக்கும் சட்டம் அருகே வந்தது. பழைய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்தற்கு உயர்ந்த தண்டனை இரண்டாண்டுச் சிறை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தை அறிவியாமல் ஓடிவிடும் ஓட்டுநர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 சனவரித் தொடக்கத்தில் வடநாட்டில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினர். அவ்வாண்டு சூலை 1-இல் ஏனைய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அவ்வொரு பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. விபத்தில் வீழ்ந்தவரைக் கைவிட்டு ஓடுதல் கொடுமை என்பதில் ஐயமில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என அரசின் கணக்குக் கூறுகிறது. ஓட்டுநர் கூறும் மறுமொழியும் கேட்கத்தக்கதே. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்பது அவர்தம் வாதம். பிழை எவருடையதாயினும் பெரிய வண்டியே குற்றவாளி எனக் கொள்ளும் வழக்கத்தை அவர்கள் வாழ்நாள் முழுதும் கண்டு வந்துள்ளனர்.

எந்திரத்தின் மாற்றமும் பெருமையைத் தொட்டுள்ளது. 2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 புகைக்கட்டுப்பாட்டு விதிக்கேற்ப அமைந்த வண்டிகளில் உணர்விகளும் கணிப்பானும் நிறைந்துள்ளன. ஓட்டுநர் ‘யூரியா’ என வழங்கும் நீர்மத்தையும் தனித்தொட்டியில் ஊற்றுதல் வேண்டும். கோளாறு நேரின் பலகையில் ஒரு விளக்கு எரியும். எந்திரத்தின் ஆற்றல் தானே தாழும். செவிக்கும் கைக்கும் அங்கே வேலையில்லை. நிறுவனத்து ஆள் வந்து கணினியைப் பொருத்திப் பார்க்கும்வரை முப்பதாண்டுப் பட்டறிவுடைய ஓட்டுநர் சாலையோரத்தில் வெறுங்கையுடன் நிற்க வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை உரிமையாளர் தம் கைப்பேசியிலேயே காண்கிறார். முன்னர் ஊரைவிட்டுப் புறப்பட்டபின் வண்டியும் சரக்கும் ஓட்டுநர் பொறுப்பு. அவர் சொல்லே செய்தி. பல இலட்சம் மதிப்புள்ள பொருளைப் பிறர் தம்மை நம்பி ஒப்படைத்தனர் என்பதே அவர்தம் பெருமையின் அடிநிலை. நம்பிக்கையின் இடத்தில் கண்காணிப்பு வந்தபின் அப்பெருமை என்னாகும்?

நன்மைகளையும் மறைத்தல் கூடாது. 2017 சூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின் மாநில எல்லை வரிச்சாவடிகள் நீங்கின. அங்கே நாட்கணக்கில் காத்துக் கிடந்த துன்பம் பெரிதும் ஒழிந்தது. 2025 அக்டோபர் முதல் புதிதாகச் செய்யப்படும் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி கட்டாயமாக்கப்பட்டது. எந்திரத்தின் வெப்பத்திலும் இராசத்தான் வெயிலிலும் வெந்தவர்க்கு இது சிறிய நன்மையன்று. முப்பதாண்டுக்கு முன் வந்திருக்கலாமே என அவர்கள் கூறுதலும் இயல்பே.

ஓட்டுநரே இல்லாமல் ஓடும் வண்டியைக் குறித்த அச்சம் நம்மவரிடையே இன்னும் தொலைவில் உள்ளது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் டல்லாசுக்கும் ஹூசுட்டனுக்கும் இடையே 2025-இல் அத்தகைய சரக்கு வண்டிகள் வாணிக முறையில் ஓடத் தொடங்கின. நம் நாட்டிலோ, ஓட்டுநரில்லா வண்டிகள் பலருடைய வேலையைப் பறிக்கும், ஆதலின் அவற்றை இசையேன் என ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் அறிவித்தார். எருமையும் ஆட்டோவும் எதிர்த்திசை இருசக்கர வண்டியும் கலந்தோடும் நம் சாலையில் எந்திரம் தானே ஓட்டட்டும் பார்ப்போம் என்னும் நகைப்பையே பேட்டைகளிற் கேட்கலாம். வேலை போய்விடும் என்பது அங்குள்ளோர் கவலையன்று. வேலை இருக்கும், செய்வதற்குத் தம் பிள்ளைகள் இரார் என்பதே கவலை. 2019-இல் சரக்கு வண்டி ஓட்டுநர்க்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்னும் விதி நீக்கப்பட்டது. அதனாலும் தமிழிளைஞர் பெருகி வந்திலர். நாமக்கல் வண்டிகளை இன்று வடமாநிலத்து ஓட்டுநர் பலர் ஓட்டுகின்றனர். ஒரு காலத்தில் பிழைப்புக்காக இந்தியும் மராத்தியும் கற்றுவந்த தமிழ் ஓட்டுநர்போல, அவர்கள் தமிழ் கற்கின்றனர்.

புறநானூற்று 116-ஆம் பாட்டில், தந்தையை இழந்த பாரி மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று, வழியிற் செல்லும் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். கபிலர் அக்காட்சியை மகளிரின் நிலைகண்டு இரங்கிப் பாடினார். வண்டிக்குள் இருந்த உமணர் அப்பாட்டில் பேசவில்லை; சங்கப் பாடல்களில் உமணர் பலவிடத்தும் வருவரேனும் தம் தொழிலைத் தாமே கூறும் இடம் அரிது. அவர்தம் தொழிற்சொற்களுள் புலவர் செவியில் விழுந்தவையே நமக்கு எஞ்சின. சேமவச்சு அவற்றுள் ஒன்று.

இக்காலத்து லாரித் தொழிலின் சொற்களைத் தொகுப்பார் முதலிற் கருதவேண்டியவை முடிச்சுகளின் பெயர்கள், பாரம் சாயும் நிலைகளுக்கு வழங்கும் சொற்கள், எந்திர ஒலிகளைக் குறிக்கும் இரட்டைக் கிளவிகள், இரவில் விளக்கை அணைத்தும் ஏற்றியும் எதிர்வண்டிக்குச் செய்யும் குறிகளின் பொருள், பின்னோக்கி வரும் வண்டிக்குக் கிளீனர் கொடுத்த குரல்கள் ஆகியன. இறுதியாகக் கூறியவற்றை முழுமையாகச் சொல்லவல்லார் கிளீனராகத் தொழிலில் புகுந்தவர் மட்டுமே. அவருள் இளையவர்க்கும் இன்று நாற்பது அகவை கடந்திருக்கும்.